ஓட்டுக்கு மேல் சோற்று வாசம்

எங்கள் பழைய வீட்டு மச்சில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சோறு வடித்த வாசம் வரும். வெறும் சோறு இல்லை. பிரியாணிக்கு எடுக்கிற நீள அரிசியை உலையில் போட்டு முதல் கொதி வரும்போது எழுமே, அந்த வாசம். அடுப்பு அணைந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பே கிடந்தது. ஆறாம் வகுப்புப் படித்த எனக்கு அது பேயாகத்தான் பட்டது. செத்துப்போன பாட்டி மச்சில் உட்கார்ந்து உலை வைக்கிறாள் என்று தங்கையிடம் சொல்லி அவளை அழவிட்டு, அந்த அழுகையைப் பார்த்து நானும் பயந்திருக்கிறேன்.

வாசம் வந்த கொஞ்ச நேரத்தில் ஓடு சடசடக்கும். பிறகு உத்தரத்தின் மேல் கனமாக ஏதோ நடக்கும். பூனை நடந்தால் காதுக்கே தெரியாது. எலி ஓடினால் பிறாண்டுகிற சத்தம் கேட்கும். இது இரண்டிலும் சேராத நடை, ஈரத்துணியைத் தரையில் ஒத்தி ஒத்தி எடுப்பதுபோல.

"மரப்பட்டியாக்கும். அது பாட்டுக்குப் போவுது, நீ ஒறங்கு மக்கா," என்பாள் அம்மா, கண்ணைத் திறக்காமலேயே.

குமரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஓட்டு வீடு அது. மரப்பட்டி என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு, மலையாளத்திலும் அதேதான். மற்ற இடங்களில் மரநாய் என்பார்கள். அந்த நடைக்கும் அந்தச் சோற்று வாசத்துக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்பது எனக்குத் தெரிய இருபது வருஷம் பிடித்தது. மரநாயின் வாலடியில் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. மலேசியாவில் இந்த விலங்கை 'மூசாங் பாண்டான்' என்றே கூப்பிடுவார்கள். மூசாங் என்றால் மரநாய். பாண்டான் என்பது நாம் ரம்பை என்று சொல்லும் இலை. சோற்றுக்கும் ரம்பைக்கும் ஒரே மாதிரி மணம் தருவது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற வேதிப்பொருள். மரநாயின் பெரிய உறவுக்காரரான பின்டுராங்கின் சிறுநீரில் இதே பொருள் இருப்பதை 2016-இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். பின்டுராங் கூண்டருகே போகிறவர்கள் எல்லாரும் பாப்கார்ன் வாசம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். ஆக, நான் பாட்டியின் மேல் போட்ட பழி அநியாயம்.

இந்தக் கூட்டத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். மரநாய், புனுகுப்பூனை, கரடிப்பூனை. எல்லாம் அடுத்தவரிடம் இரவல் வாங்கியவை. நாயோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பூனை, கீரி, கழுதைப்புலி எல்லாம் சேர்ந்த பெரிய கிளையில் இது தனிக்குடும்பம், விவெரிடே என்று அறிவியலில் பெயர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். நீண்ட உடல், அதே நீளத்துக்கு வால், குட்டைக் கால், கூர் மூக்கு, இருட்டில் பெரிதாகத் தெரிகிற கண்.

நம்மிடம் இரவல் இல்லாத சொல் ஒன்றும் இருந்தது: வெருகு. சங்கப் பாட்டு ஒன்றில் மாலை மயங்குகிற நேரத்தில் வேலியோரம் வெருகு வந்து நிற்கும், தாய்க்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைக்கும். உரைகாரர்கள் அதைக் காட்டுப்பூனை என்கிறார்கள். ஆனால் மலை தாண்டிப் போனால் மலையாளத்தில் வெருகு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, அங்கே அது புனுகுப்பூனையைத்தான் குறிக்கும். கோழிக்கூட்டுப் பக்கம் ராத்திரி வருவதில் இரண்டும் சளைத்ததில்லை என்பதால், வேலியோரம் நின்றது எது என்பதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

அறிவியல் பெயர் மட்டும் என்ன வாழ்ந்தது? 1777-இல் பல்லாஸ் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் மரநாய்க்கு 'ஹெர்மாஃப்ரோடிட்டஸ்' என்று பெயர் சூட்டினார். ஆண், பெண் இரண்டுக்கும் வாலடியில் இருக்கும் மணச் சுரப்பிகள் பார்வைக்கு விதைப்பை போலவே இருக்கும். அதை வைத்து விழுந்த பெயர் இருநூற்றைம்பது வருஷமாக மாறவில்லை.

சரி, இது எங்கே வாழ்கிறது என்பதற்கு வருகிறேன். மச்சு அதன் வீடு இல்லை, வாடகை இடம். பகலில் படுத்துக்கொள்ள இருட்டாக, உயரமாக, மழை படாத ஓர் இடம் வேண்டும். காட்டில் அது மரப்பொந்து. ஊரில் பொந்து உள்ள கிழட்டு மரத்தை யார் விட்டுவைக்கிறார்கள்? அதனால் ஓட்டுக்கூரை, பழைய கோயில் கோபுர மாடம், பூட்டிக் கிடக்கும் குடோன். கொழும்பிலும் சிங்கப்பூரிலும்கூட வீட்டுக் கூரைக்குள் இதே இனம் குடியிருக்கிறது. சிங்கப்பூரின் சிக்லாப் பகுதியில் மதில் மேலும் மின்கம்பி மேலும் நடந்துபோகிற மூசாங்கைப் பார்க்காதவர்கள் குறைவு. இந்தியாவிலிருந்து தென்சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கும் ஒரு விலங்குக்கு இந்த அளவு விட்டுக்கொடுக்கும் குணம் இல்லாமல் முடியாது.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். எலி, தவளை, பூச்சி, நத்தை, கோழிமுட்டை எதையும் ஒதுக்காது. பனையிலும் தென்னையிலும் கட்டிய கலயத்தில் வாய் வைப்பதால் ஆங்கிலேயர்கள் இதற்குக் கள்ளுப்பூனை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அடிப்படையில் இது பழந்தின்னி. மாமிசம் தின்னும் வரிசையில் பிறந்துவிட்டு, அந்தப் பல்லை வைத்துக்கொண்டே பழத்துக்கு மாறிய பிராணி. எங்கள் மதில் மேல் காலையில் எச்சம் கிடக்கும். குச்சியால் கிளறினால் முக்கால்வாசி விதைதான். சப்போட்டா விதை, கொய்யா விதை, அதிகமாகக் கூந்தற்பனை விதை. கூந்தற்பனைப் பழத்தை நாம் வெறுங்கையால் நசுக்கினால் சாயங்காலம் வரை கை அரிக்கும். மரநாய் அதைக் குலை குலையாகத் தின்றுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மதிலேறி வந்து விதைகளைக் கொட்டையாக வெளியே தள்ளிவிடும். மென்று அரைக்காது, விழுங்கும். அதனால் விதைக்குச் சேதம் இல்லை.

எச்சம் போடுகிற இடத்திலும் ஒரு ரசனை உண்டு. புதருக்குள் மறைத்து வைக்காது. மதில் உச்சி, பாறைத் தலை, விழுந்த மரத்தின் மேல்பக்கம் என்று நாலு பேர் பார்க்கிற இடமாகத் தேடிப் போடும். தன் விலாசத்தை எழுதி வைக்கிறது.

இந்த விலாசத்தைக் காட்டில் எனக்குப் படித்துக் காட்டியவர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர். களக்காடு முண்டந்துறை மலையில், மழைக்காட்டுக்குள், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் ஒரு கைப்பிடி விதை காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் மதிலில் கிடப்பது போலவே. 'மரப்பட்டி' என்றேன், பெருமையாக.

"மரநாய்தான். ஆனா இது ஊர் மரநாய் இல்ல சார். மலை மரநாய்லா."

அவர் சொன்னது பழுப்பு மரநாய். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். 1885-இல் பிளான்ஃபோர்டு என்ற இயற்கையியலாளர் இதை விவரித்து, தென்னிந்திய விலங்குகளைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்டனின் பெயரை இட்டார். ஊர் மரநாய்க்கு உடம்பில் கோடும் புள்ளியும் முகத்தில் திட்டும் உண்டு. இதற்கு எதுவும் கிடையாது, ஒரே பழுப்பு. பிடரி மயிர் மட்டும் பின்னோக்கி விழாமல் தலையைப் பார்த்து எதிர்ப்பக்கமாகப் படிந்திருக்கும். யாரோ தப்பாகச் சீவிவிட்ட மாதிரி.

இந்தக் காட்டில்தான் 1990-களில் திவ்யா முத்தப்பா பழுப்பு மரநாயைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எச்சங்களைச் சேகரித்து, கழுவி, விதை விதையாகப் பிரித்து, அது ஐம்பதுக்கும் மேற்பட்ட காட்டு மரங்கள், கொடிகளின் பழங்களைத் தின்பதைக் கண்டறிந்தார். புலியையும் யானையையும் படம் பிடிக்க ஆயிரம் பேர் அலைகிற நாட்டில், ஒருவர் வருஷக்கணக்காக மலையேறி எச்சம் கழுவியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த மனுஷி மேல் பெரிய மரியாதை வரும். கழுத்துப்பட்டையில் ரேடியோ மாட்டிப் பின்தொடர்ந்ததில் அவை பகலில் தூங்கும் இடங்களும் தெரிந்தன: உச்சிக் கிளைகளில் பின்னிக்கிடக்கும் கொடிகள், மரப்பொந்துகள், மலை அணில் கட்டிய கூடுகள்.

கடைசியாகச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். மலை அணில் பகல்காரர். மரநாய் இரவுக்காரர். ஒருவர் கட்டியதில் மற்றவர் படுத்துக்கொள்கிறார்.

அந்தக் காவலரோடு நடந்தபோது ஒன்று புரிந்தது. மரநாயின் வாழிடம் என்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டுவது பாதிதான் உண்மை. அதற்கு வேண்டியது மூன்று. பகலுக்கு ஒரு பொந்து. பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு மரத்தில் பழம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கீழே இறங்காமல் போக ஒட்டிய கிளைகள். இந்த மூன்றும் இருந்தால் களக்காடும் ஒன்றுதான், எங்கள் தோப்பும் ஒன்றுதான். இரண்டாவதில்தான் பெரும்பாலும் உதைக்கும். ஒரே மாதிரி மரத்தை நட்டால் எல்லாம் ஒரே மாதத்தில் பழுக்கும், மிச்ச மாதங்களில் பட்டினி. மழைக்காட்டில் ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும். ரப்பர் தோட்டத்துக்குள் அரை மணி நேரம் நடந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், அங்கே மரநாய்க்குத் தின்ன என்ன இருக்கிறது?

வால்பாறை இந்த இரண்டுக்கும் நடுவில். தேயிலை மேட்டுக்கு மேடு விரிந்து கிடக்க, பள்ளத்தில் வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள். தேயிலைக்குள் பழுப்பு மரநாய்க்கு வேலை இல்லை. ஆனால் உள்ளூர் மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டம் அதற்கு ஒத்துக்கொள்கிறது. காப்பிப் பழத்தைத் தின்னும், கொட்டையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும். இதில் வேடிக்கை என்னவென்றால், காட்டு மரங்களுக்கு இத்தனை நன்மை செய்கிற இதே பிராணி காப்பிச் செடி காட்டுக்குள் ஊடுருவவும் கை கொடுக்கிறது. ஆனைமலைக் காட்டுத் துண்டுகளில் காப்பி நாற்றுகள் தாமாக முளைத்துப் பரவுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மரநாய்க்கு நம் மரம், அந்நிய மரம் என்ற கணக்கெல்லாம் தெரியாது. பழம் இனிப்பாக இருக்கிறதா என்பதோடு அதன் அக்கறை முடிந்தது.

காப்பி என்று வந்துவிட்டதால் பாலித்தீவுக் கதையைச் சொல்லியாக வேண்டும். வேலையிடத்து நண்பர்களோடு சுற்றுலா போயிருந்தேன். கார் ஓட்டியவர் ஒரு காப்பித் தோட்டத்தில் நிறுத்தினார். நுழைந்ததும் வரிசையாகக் கூண்டுகள், அதில் ஒன்றில் எங்கள் மச்சுக்காரர். நடுப்பகல் பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில் அது பொந்துக்குள் சுருண்டு கிடக்க வேண்டியது. ஆனால் கம்பி வலைத் தரையில், நான்கு அடிக்கு இந்தக் கோடி அந்தக் கோடி என்று நடந்துகொண்டே இருந்தது. தூங்க ஒதுங்குவதற்கு ஒரு தகரம்கூட இல்லை. அதன் முன்னால் ஒரு தட்டில் காப்பிப் பழம். ஒரு கோப்பையை என் கையில் கொடுத்து 'லுவாக்' என்றார்கள். இந்தோனேசியாவில் மரநாய்க்கு அந்தப் பெயர். குடித்தேன், மறைக்க என்ன இருக்கிறது? சுமாரான காப்பி. ஆனால் மூக்கில் அந்தச் சோற்று வாசம் வரவே இல்லை, கூண்டின் மூத்திர நெடிதான் வந்தது.

டச்சுக்காரர்கள் ஜாவாவிலும் சுமத்ராவிலும் காப்பித் தோட்டம் போட்ட காலத்தில், கூலிகள் தங்களுக்கென்று பழம் பறிக்கக்கூடாது என்று தடை இருந்ததாம். காட்டு மரநாய் போட்டுவிட்டுப் போன கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவி வறுத்துக் குடித்தார்கள், அப்படித்தான் லுவாக் காப்பி பிறந்தது என்பது கர்ணபரம்பரை. நம்பத் தகுந்த கதைதான். வயிற்றுக்குள் போகும் கொட்டையில் செரிமான நொதிகள் புரதத்தைக் கொஞ்சம் சிதைப்பதால் கசப்பு குறைகிறது. அதைவிட முக்கியம், காட்டு மரநாய் மரத்தில் இருப்பதிலேயே நன்றாகப் பழுத்ததாகப் பார்த்துத் தின்னும். கூண்டில் அடைத்து அள்ளிப்போட்டதைத் தின்ன வைத்தால் அந்தப் பொறுக்குதல் எங்கே இருக்கிறது? கூண்டுக் காப்பி தன் காரணத்தையே தின்றுவிட்டது. 1991-இல் லுவாக்கை பிரிட்டனுக்குக் கொண்டுபோய்ப் பிரபலமாக்கிய டோனி வைல்ட் என்ற காப்பி வியாபாரியே 2013-இல் இதை வாங்காதீர்கள் என்று பிரசாரம் தொடங்கினார். பாலியில் 16 தோட்டங்களில் ஏறக்குறைய 50 மரநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு 2016-இல் வந்தது. நான் பார்த்ததைவிட மோசமான கூண்டுகளும் அதில் இருந்தன.

நம் ஊரில் இதற்கு முன்பே வேறொரு கூண்டு இருந்தது, புனுகுக் கூண்டு.

புனுகுப்பூனை மரநாயின் தம்பிமுறை. உடம்பில் வரிசையாகப் புள்ளிகள், வாலில் வளையங்கள். மரம் ஏறத் தெரியும், ஆனால் தரைதான் அதன் உலகம். புல்வெளி, முட்புதர், ஆற்றோரத் தாழை, வயல் வரப்பு, பாலத்துக்கடியில் ஓடும் சாக்கடைக் குழாய் எதிலும் பகலைக் கழிக்கும். அதன் சுரப்பியிலிருந்து வரும் மெழுகு போன்ற பொருள்தான் புனுகு. நேரே முகர்ந்தால் குமட்டும். துளி எடுத்து எண்ணெயில் கரைத்தால் வேறு மணங்களைப் பிடித்துவைக்கும். திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு மூலவருக்குப் புனுகு சாத்துகிறார்கள். திருவொற்றியூரில் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் ஆதிபுரீசுவரரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் பூசுவார்கள். மயிலாடுதுறை கூறைநாட்டில் புனுகீசுவரர் என்றே ஒரு சாமி இருக்கிறார், புனுகுப்பூனை தானாக வந்து தன் புனுகைப் பூசி வழிபட்ட தலம் என்பது புராணம். அந்தப் பூனை தானாக வந்தது என்பதைக் கவனியுங்கள். புராணத்தில் கூண்டு இல்லை.

ஐரோப்பிய அத்தர் வியாபாரத்தில் கூண்டு இருந்தது. அங்கே ஆப்பிரிக்கப் புனுகுதான் பெரிய சரக்கு. அதன் மணத்துக்குக் காரணமான சிவெட்டோனில் பதினேழு கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்திருக்கின்றன என்பதை 1926-இல் ருசீச்கா என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்று வேதியியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். 1939-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வகத்தில் செய்ய முடிந்த பிறகு விலங்கைச் சுரண்டி எடுக்கும் அவசியம் குறைந்தது. சேனல் நிறுவனம் 1998-இல் இருந்து செயற்கைப் புனுகுக்கு மாறிவிட்டதாகச் சொல்கிறது.

புனுகுக்காக இந்த விலங்கு கப்பலேறியும் போயிருக்கிறது. மடகாஸ்கர், கொமொரோ தீவுகள், சொகோத்ரா என்று இந்தியப் பெருங்கடல் முழுக்க இன்று காட்டில் திரியும் புனுகுப்பூனைகள் எல்லாம் மனிதர்கள் கொண்டுபோய் விட்டவற்றின் வாரிசுகள். அரபு வணிகரின் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் கூண்டுக்குள் அது கடல் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கப்பல் பயணம் ஒரு பெரிய புதிரோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. மலபார் புனுகுப்பூனை. 1862-இல் பிளித் என்ற விலங்கியலாளர் விவரித்த இனம், புனுகுப்பூனையைவிட நன்றாகப் பெரியது. ஹொன்னாவர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை கடலோரச் சமவெளிக் காடுகளில் இருக்கிறது, திருவிதாங்கூரில் சாதாரணமாகக் கிடைக்கிறது என்று ஜெர்டன் எழுதினார். திருவிதாங்கூர் என்றால் எங்கள் ஊரும் சேர்த்தி. பிறகு நூறு வருஷத்தில் அது ஆளைக் காணோம். அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிய சமயத்தில், 1987-இல் கேரளத்தின் நிலம்பூர் பக்கம் தோல்கள் கிடைத்தன, முந்திரித் தோட்டங்களிலிருந்து. அந்தத் தோட்டங்கள் ரப்பருக்காக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 1990-களுக்குப் பின் ஒரு தடயமும் இல்லை. தானியங்கிக் கேமராக்கள் எத்தனையோ காடுகளில் வைத்தாயிற்று. உயிரோடு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. அழியும் நிலையில் இருக்கும் உயிர்களைக் கணக்கெடுக்கும் உலக அளவிலான செம்பட்டியலில் 250-க்கும் குறைவாக எஞ்சியிருக்கலாம் என்ற கணிப்போடு மிக அபாய நிலையில் இருக்கிறது.

2010-இல் இன்னொரு சந்தேகம் கிளம்பியது. மலபார் புனுகுப்பூனை என்று ஓர் இனமே இல்லையோ? தென்கிழக்கு ஆசியாவின் பெரும்புள்ளிப் புனுகுப்பூனையைப் புனுகு வணிகர்கள் கொண்டுவந்து, அதில் தப்பித்தவை மலபாரில் பெருகிப் பிறகு மறைந்தனவோ? அருங்காட்சியகத் தோல்களைப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு ஒத்துப்போகின்றன. எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை, ஆனால் அதை ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. நம் கடலோரச் சமவெளிக் காட்டை மிச்சம் இல்லாமல் வெட்டித் தீர்த்தபின், அங்கே இருந்தது சொந்தக்காரனா விருந்தாளியா என்று தோலை வைத்துக்கொண்டு வழக்காடுகிறோம்.

கிழக்கே போகப் போக இந்தக் குடும்பம் விநோதமாகிக்கொண்டே போகும். வடகிழக்கு இந்தியாவில் தொடங்கும் பின்டுராங் 20 கிலோ வரை எடை போடும், வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கும். அத்திப்பழம் என்றால் உயிரை விடும். போர்னியோ, சுமத்ராவின் சதுப்புக் காட்டில் நீர்நாயைப் போலத் தண்ணீரில் வேட்டையாடும் ஒரு இனம் இருக்கிறது. மூழ்கும்போது மூக்குத் துளையை மூடிக்கொள்ளும். அந்தச் சதுப்பை வடித்து எண்ணெய்ப்பனை நட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது, தென்னை ஏறி மச்சில் ஒளிகிற சாமர்த்தியம் எல்லா மரநாய்க்கும் இல்லை. சுலாவெசித் தீவின் பெரிய மரநாய் அந்தத் தீவுக்கே சொந்தமான ஒரே ஊனுண்ணி. வியட்நாம், லாவோஸ் மலைகளில் மண்புழு தோண்டித் தின்னும் வரிப் புனுகுப்பூனை உண்டு, ஓஸ்டன் என்பவரின் பெயரைத் தாங்கியது. அதற்குக் காடு இருக்கிறது. ஆனால் காட்டுக்குள் கண்ணி இருக்கிறது. பைக் பிரேக் கம்பியில் செய்த சுருக்குக் கண்ணிகள். கம்போடியா, லாவோஸ், வியட்நாமின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1.2 கோடிக்கும் மேல் கண்ணிகள் கிடப்பதாக 2020-இல் உலக இயற்கை நிதியம் கணக்குச் சொன்னது. பச்சை வரைபடத்தில் இது தெரியாது. மரம் எல்லாம் அப்படியே நிற்கும், கீழே தரையில் நடக்க ஆள் இருக்காது. வியட்நாமின் குக் ஃபுவோங் தேசியப் பூங்காவில் இந்த இனத்தை வளர்த்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். விடுவதற்குக் கண்ணி இல்லாத காடு தேட வேண்டியிருக்கிறது.

இமயமலையிலிருந்து சீனா வரை பரவியுள்ள முகமூடி மரநாயின் கதைதான் எல்லாவற்றிலும் அநியாயம். 2003-இல் சார்ஸ் நோய்க் கிருமி ஷென்சென் சந்தைக் கூண்டுகளில் இருந்த இதன் உடலில் கிடைத்தது. 2004 ஜனவரியில் குவாங்டாங் மாகாணத்தில் பத்தாயிரம் வரை கொல்லச் சொல்லி உத்தரவு. 2005-இல் வௌவால்களிடம்தான் கிருமியின் மூலம் இருக்கிறது என்று தெரிந்தது. காட்டில் ஒன்றையொன்று உரசாமல் தனித்தனியாக வாழும் பிராணிகளைச் சந்தையில் கூண்டின் மேல் கூண்டாக அடுக்கியது யார் என்பதற்கு உத்தரவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் மரநாயைப் பிடிப்பதையும் அடைப்பதையும் தடுக்கிறது. 'மரநாய் புகுந்துவிட்டது, பிடிக்க ஆள் கிடைக்குமா' என்று எனக்கு வருகிற செய்திகளுக்கு ஒரே பதில்தான் அனுப்புவேன்: அது வெளியே போன ராத்திரியில் ஓட்டை அடையுங்கள். குட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஓட்டை அடைக்க வேண்டிய அவசியம் வரவில்லை, ஓடே போய்விட்டது. தம்பி கல்யாணத்துக்கு முன்னால் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டான். மேற்கு வேலியில் பொந்தோடு நின்ற அயனி மரமும் கதவு நிலைக்குப் போனது. நல்ல மரம், ஆசாரி சந்தோஷப்பட்டார். தென்னந்தோப்பில் இப்போது மூன்று வீடுகள். மரநாய் கதை முடிந்தது என்று நினைத்தேன், அதைப் பற்றி அம்மாவிடம் பேசவும் இல்லை.

போன மாதம் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வாசலில் மாட்டிய சிசிடிவியில் பதிவானது. அதிகாலை 2.40. பலாமரத்துக் கிளையிலிருந்து இன்டர்நெட் கேபிள் மேல் கால் வைத்து ஒன்று வருகிறது. வால் ஒரு பக்கம் சாய்கிறது, உடம்பு மறுபக்கம் சாய்ந்து சமாளிக்கிறது. நடுவழியில் கேபிள் தொய்கிற இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கிறது. பிறகு மிச்சத்தையும் கடந்து, அடுத்த வீட்டுக் கார் ஷெட் தகரத்தில் இறங்கி, திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறது. இரண்டு கண்ணும் நெருப்புத் துண்டு மாதிரி.

கேமராவில் வாசம் வராது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அது போவவே இல்லியே மக்கா," என்றாள். "தெனமும் ராத்திரி சோறு வடிச்ச மணம் அடிக்கத்தான் செய்யுது. உன் தம்பி பெண்டாட்டிதான், அத்தை அடுப்ப அணைச்சியளான்னு எழும்பி எழும்பிப் போய்ப் பாக்கா."